தலைப்பிரசவம்: மேலேயா, கீழேயா, கடலுக்கு அப்பாலா?

கோத்தகிரிப் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொல்வது குறைவு. மேட்டுப்பாளையம், கோவை, சென்னை எல்லாமே ‘கீழே’. வீடு ‘மேலே’. கர்ப்பம் உறுதியானதும் இங்கிலாந்திலிருந்து அம்மாவை அழைத்துச் சொன்னேன். அவள் வாழ்த்தவுமில்லை, கண்கலங்கவுமில்லை. “எப்போது மேலே வருகிறாய்?” என்றாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எனக்கு நிறைய இருந்தது. இருவரும் வேலை விசாவில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் இருந்தோம். சொந்தம் என்று அங்கே ஒருவரும் இல்லை. பிரசவத் தேதி நவம்பர் 15. வழிகள் நான்கு தெரிந்தன. ஏழாம் மாதம் கோத்தகிரிக்கு வந்துவிடுவது. ஊருக்கு வந்தாலும் பிரசவத்தைக் கோவையில் வைத்துக்கொள்வது. கணவரும் நானுமாக அங்கேயே சமாளிப்பது. அங்கேயே பெற்றுக்கொண்டு அம்மாவை வரவழைப்பது. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் நான்கையும் எழுதினேன். ஒரு வாரம் ஒன்றை அடிப்பேன். மறுவாரம் அதையே திரும்ப எழுதுவேன்.

தேதியும் மழையும்

முதலில் பார்க்கவேண்டியது மருத்துவமனையை அல்ல, மாதத்தை. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரம் வரை எதுவும் கேட்பதில்லை. அதன்பின் பயணம் செய்யலாம் என்று டாக்டரோ மிட்வைஃபோ (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) தரும் கடிதம் வேண்டும். ஒற்றைக் குழந்தையென்றால் 36, 37 வாரத்தோடு ஏற்றமாட்டார்கள், இரட்டையென்றால் 32. இங்கிலாந்துச் சட்டப்படி பேறுகால விடுப்பைப் பிரசவ வாரத்துக்கு 11 வாரம் முன்னால்தான் தொடங்கமுடியும், அதாவது 29-ஆவது வாரத்தில். எனக்கு அது ஆகஸ்ட் கடைசி. ஆக, மலைக்கு வருவதென்றால் கடிதத்தோடு செப்டம்பர் பிறக்கும்போது வரவேண்டும். வந்தபின் பதினோரு வாரம் காத்திருக்கவேண்டும்.

விமானத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. “வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு உயரத்தில் பறக்கலாமா?” பறக்கும் உயரம் எதுவானாலும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமாகத்தான் வைக்கப்படுகிறது. குன்னூர் ஆறாயிரம் அடி, உதகை ஏழாயிரத்துச் சொச்சம். “நம் ஊர் உயரம்தான் அம்மா” என்றேன். அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை. நீண்ட பயணத்தில் உண்மையில் கவனிக்கவேண்டியது காலில் ரத்தம் உறைவது. அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டு இடையிடையே எழுந்து நடக்கவேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும்.

பயணத்தைவிட என்னை யோசிக்கவைத்தது மழை. நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் அவலாஞ்சியையும் பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கோத்தகிரி, குன்னூர் சரிவுக்கு உரியது ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் மலை முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விடுமுறை என்று மகிழ்ந்தது நினைவிருக்கிறது. பக்கத்து வரிசை அக்கா ஒருவர் நிறைமாதம். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் சேற்றில் முழங்கால் புதையத் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டியதும், அந்தப் பக்கம் ஜீப் நின்றதும் நினைவிருக்கிறது. நாற்காலியின் ஒரு கால் உடைந்திருந்தது. அதைப் பிடித்திருந்தவர் என் அப்பா. என் தேதியும் நவம்பர்.

மேலே

மலையில் மருத்துவமனை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. உதகைக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் அதன் 700 படுக்கை மருத்துவமனை திறக்கப்பட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து ஓடுகிறது. சுகப்பிரசவமென்றால் எனக்குக் கவலையில்லை.

கவலையெல்லாம் சுகமாக முடியாத ஓர் இரவைப் பற்றியது. மயக்க மருந்து டாக்டர், தேவையான வகை ரத்தம், குறைமாதக் குழந்தைக்கான வென்டிலேட்டர்: இந்த மூன்றும் இரவு இரண்டு மணிக்கு ஒரே கட்டடத்தில் இருக்குமா? இல்லையென்றால் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நேரம்? தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையிடம் இதைக் கூச்சமின்றிக் கேளுங்கள். “எல்லா வசதியும் இருக்கிறது” என்ற பதிலை ஏற்காதீர்கள்; இரவில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து உதகைக்குப் பகலில் ஒரு மணி நேரம். மேட்டுப்பாளையத்துக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. அங்கிருந்து கோவைக்கு அதே அளவு சமதளம். இரவில் தேயிலைத் தோட்டத்து வளைவில் காட்டெருமை நின்றால் அதுவாக நகரும்வரை வண்டி நிற்கவேண்டும். ஹாரன் அடிக்க எந்த ஓட்டுநரும் துணியமாட்டார். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனையில் யானை. சுற்றுலா வந்தவர்களுக்கு இதெல்லாம் புகைப்படம். இடுப்பு வலியோடு பின்சீட்டில் படுத்திருப்பவளுக்கு ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம்.

கீழே

இதனாலேயே மலைக் குடும்பங்கள் பல, வெளியே சொல்லிக்கொள்ளாமல், இரண்டாவது வழியைத்தான் பிடிக்கின்றன. துபாயில் வேலைபார்க்கும் என் சித்தி மகள் அப்படித்தான் செய்தாள். அவளுக்குத் தேதி பிப்ரவரி. ஷார்ஜாவிலிருந்து கோவைக்கு நேர் விமானம், நான்கு மணி நேரம். 32-ஆவது வாரத்தில் வந்தாள். 36 வரை கோத்தகிரியில் வெயில் காய்ந்தாள். பிறகு சித்தியோடு இறங்கி, கோவையில் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினாள். பிறந்த பதினோராம் நாள் குழந்தையோடு மலையேறினாள். வாடகை, ஆள்மாற்றி ஆள் மேலும் கீழும் போன டாக்சி, மருத்துவமனைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாராளமாகத் தாண்டியது. நம் ஊர் மருத்துவக் காப்பீட்டில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், கர்ப்பமான பிறகு எடுக்கும் பாலிசியால் பயனில்லை.

இந்த வழியில் இறங்குமுன் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. எல்லாமே பணத்துக்காகச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்திலும் விகிதம் ஐந்தில் இரண்டை எட்டிவிட்டது. சித்தி மகளுக்கும் அறுவைதான். குழந்தையின் தலை கீழே திரும்பவே இல்லை. ஆனால் அவள் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம், எந்த நிலையில் அறுவைக்குப் போவீர்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்று கேட்டு வைத்திருந்தாள். முடிவு வந்தபோது ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை.

அமீரகத்தில் சட்டப்படி பேறுகால விடுப்பு 60 நாள். 45 நாளுக்கு முழுச் சம்பளம், 15 நாளுக்குப் பாதி. எட்டு வாரம் முன்னால் ஊருக்கு வந்தவளுக்கு அது எங்கே காணும்? சம்பளமில்லா விடுப்பில்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு: பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெறாதென்றால் 16 வாரம் 12 ஆகிவிடும். கோவைக்கு நேர் விமானம் மட்டும் அவர்களுக்கும் இருக்கிறது.

அங்கே பார்க்கும் விதம்

இங்கிலாந்தில் சிக்கலில்லாத கர்ப்பத்தை டாக்டர் பார்ப்பதில்லை, மிட்வைஃப் பார்க்கிறார். முதல் குழந்தைக்கு ஏறக்குறைய பத்துச் சந்திப்பு. ஸ்கேன் இரண்டே இரண்டு: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 20-ஆவது வாரத்தை ஒட்டி ஒன்று. மற்ற நாளெல்லாம் ரத்த அழுத்தம், சிறுநீர், வயிற்றின் மேல் தையல்காரர் போல ஓர் அளவு நாடா. “டாக்டர் கையே வைக்கவில்லையா?” என்று அம்மா மாதம் தவறாமல் கேட்டாள். மாதம் ஒரு ஸ்கேன் பார்த்த பெண்கள் மத்தியில் இருப்பவளுக்கு இது கவனக்குறைவாகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. போகப்போகத்தான், தேவைப்படுவதை அவர்கள் விடுவதில்லை என்று புரிந்தது. நம் வம்சத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் தெற்காசியப் பெண்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை; 28 வாரம் ஆனதும் குழந்தையின் நுரையீரலைக் காக்க ஆர்.எஸ்.வி. தடுப்பூசி, வெயில் படாத நாடு என்பதால் தினம் வைட்டமின் டி.

குறையையும் சொல்லவேண்டும். ஒன்பதாவது வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உதிரம் பட்டது. தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். வலி இல்லை, அதிகமும் இல்லை என்பதால் திங்கட்கிழமை ஸ்கேனுக்கு வரச்சொன்னார். மூன்று இரவு. அந்த வாரத்தில் கரு கலைவதாக இருந்தால் பெரும்பாலும் தடுக்கமுடியாது என்று மருத்துவம் சொல்வதை நானும் படித்திருந்தேன். படித்தது தூக்கம் தரவில்லை. கோத்தகிரியில் இருந்திருந்தால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றிருப்பார். திங்கட்கிழமை திரையில் துடிப்பு தெரிந்தது. பலன் இரண்டிலும் ஒன்றேதான். ஆனாலும் அந்த மூன்று இரவைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடாகாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் முன்கூட்டியே பிடித்துவிடுகிறார்கள். அதன்பின் பிரசவத்துக்கோ அறுவைக்கோ தனிக் கட்டணம் இல்லை. மருந்தும் பல் சிகிச்சையும் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை இலவசம்.

இருபதாவது வாரம், கேட்டால், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருப்பதால், “அங்கேதான் சொல்வார்களாமே?” என்று கேட்டு எத்தனை அத்தைகளுக்குத் திடீரென்று என் நினைவு வந்தது தெரியுமா! எங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஒன்றல்ல, இரண்டு கேள்விகள்

காலண்டரின் பின்பக்கத்தில் என்னைச் சுற்றவிட்டது எது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. பிரசவம் எங்கே என்பது ஒரு கேள்வி. பேறுகாலம் எங்கே என்பது இன்னொன்று. முதலாவது சில மணி நேரம். அதற்கு வேண்டியது டாக்டர், ரத்தம், சாலை. இரண்டாவது மூன்று மாதம். அதற்கு வேண்டியது ஆள். ‘தாய்வீடு’ என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறோம். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் முதல் கேள்விக்கு எனக்கு இங்கிலாந்துதான் பதில்: நவம்பர், மண்சரிவு, வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் மருத்துவமனை. இரண்டாவது கேள்விக்கு இங்கிலாந்து பதிலே இல்லை. சுகப்பிரசவமானால் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் பத்து நாளில் மிட்வைஃப் சில தடவை வருவார், குழந்தையை எடை பார்ப்பார், போய்விடுவார். கணவருக்குச் சட்டப்படி இரண்டு வாரம். அதற்குப் பிறகு மாலை நான்கு மணிக்கு இருட்டும் நாட்டில், டிசம்பரில், நானும் பச்சைக் குழந்தையும் மட்டும். மூன்றாவது வழியை அன்றே அடித்தேன், திரும்ப எழுதவில்லை.

அம்மாவுக்கு ஆறு மாதப் பார்வையாளர் விசா எடுத்தோம். 2025 கட்டணம் 127 பவுண்டு. அவளுக்கு அங்கே இலவச மருத்துவம் கிடையாது. பயணக் காப்பீடு இல்லாமல் அழைக்காதீர்கள். அக்டோபர் கடைசியில் வந்தாள். பெட்டியில் சுக்கு, திப்பிலி, ஓமம், பிரசவ மருந்துப் பொடி, மல் துணி, என் பழைய தூளிச் சேலை. நெய் மட்டும் இல்லை. பால் பொருளும் இறைச்சியும் நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். அந்த நாட்டு வெண்ணெயை வாங்கி அடுப்பில் உருக்கி, முருங்கைக்கீரை கிடைக்காமல் வேறெதையோ ஒடித்துப் போட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தாள். “பரவாயில்லை, மாடு என்னவோ நல்ல மாடுதான்” என்றாள்.

குழந்தை நவம்பர் 17 பின்னிரவில் பிறந்தது. சிறிது நேரத்தில் ஒருவர் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்தார். பிரசவ அறையில் அது அங்கே வழக்கம். பை நூலோடு கோப்பையில் மிதந்தது. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மா அந்த நூலை இழுத்து, பையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “தூள். கடைசித் தரம்” என்று தீர்ப்பு சொன்னாள். பிறகு அதையே எனக்கு ஊதி ஊதிக் கொடுத்தாள்.

தாளில் என்ன மாறுகிறது

பெற்றோரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாகக் குடியேறியவராகவோ இல்லாவிட்டால், 1983 முதல், இங்கிலாந்தில் பிறப்பதால் மட்டும் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை வராது. வரும் என்று நம்பித் திட்டமிடுபவர்களை இன்னும் பார்க்கிறேன். பிறப்பை அங்கே 42 நாளுக்குள்ளும், இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள்ளும் பதியவேண்டும். அங்கே பிறந்த குழந்தைக்கு அங்கே இருக்கும்வரை விசா கட்டாயமில்லை. ஒருமுறை வெளியே போய்த் திரும்ப வேண்டுமானால் வேண்டும். ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் பாஸ்போர்ட், விசா இரண்டையும் முடித்தோம். டிசம்பரில் தொடங்கியது மார்ச் வரை இழுத்தது. ஊரில் பிறந்திருந்தாலும் இதே தாள்கள்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு முழுவதும் நானும் குழந்தையும் மேலே, கணவர் கடலுக்கு அப்பால் என்று போயிருக்கும். விடுப்பின் இரண்டாவது வாரத்தை அவர் எடுத்துவைத்திருந்தார். 2024 ஏப்ரலிலிருந்து பிரித்து எடுக்கலாம். மார்ச் நடுவில் நான்கு பேருமாக மலையேறினோம். நான் ஆறு மாதம் இங்கே.

இழந்தது வளைகாப்பு. அம்மா வளையல்களைத் தபாலில் அனுப்பினாள். பாதி உடைந்து வந்தது. மீதியை ஏழாம் மாதம் கணவர் போட்டுவிட, கைபேசித் திரையில் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாச்சிக்கு மட்டும் இதில் வருத்தமில்லை. அவள் இலங்கையிலிருந்து, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவள். 1973-இல் அவளுடைய தலைப்பிரசவம் கோத்தகிரியில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், நடந்தது. அவளுடைய அம்மா இலங்கையில் ஹட்டனிலேயே நின்றுவிட்டாள். பிறந்தது என் அம்மா. “பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி வெந்நீர் வைத்தாள். பெயர்கூட அப்போது தெரியாது” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் காலைத் தன் மடியில் நீவினாள்.

கடைசியாகச் சில வார்த்தை, மலைக்கே வருவதென்று முடிவெடுப்பவர்களுக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தேதி உள்ளவர்களுக்கு அது நல்ல முடிவாகவே இருக்கும், சாலை காய்ந்திருக்கும். குளிருக்குக் கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகை தெரியாவிட்டாலும் அதன் வாயு உயிரை எடுத்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரையென்றால் சுற்றுலா நெரிசல். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், TN 43 என்ற உள்ளூர்ப் பதிவெண் வண்டிக்கு வேண்டாம். கோவை விமான நிலையத்துக்கு ஊரிலிருந்தே வண்டி வரச்சொல்லுங்கள். அங்கே செய்த பரிசோதனைத் தாள் அனைத்தையும் அச்சிட்டுக் கையில் வையுங்கள். வந்த முதல் வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. செவிலியரின் கைபேசி எண் உங்கள் அம்மாவிடம் இருக்கும்.